வேன் சேற்றில் சிக்கிய கதை

அப்பா,

உங்கள் ரப்பர் பூட்ஸை அம்மா இன்னும் கழுவவில்லை. பின்வாசல் குழாயடியில், நீங்கள் கடைசியாகக் கழற்றி வைத்த இடத்திலேயே இருக்கிறது. போன வாரம் ஜோகூர் பாருவிலிருந்து வீட்டுக்கு வந்தபோது நல்ல மழை. சாரல் பட்டு, அதன் குதிகாலில் காய்ந்திருந்த செம்மண் வாசனை எழுந்தது. கூடவே உங்கள் குரலும் கேட்டது: "வேன் சேத்துல மாட்டுன கதைய ஒழுங்கா கேளு. நடுவுல எந்திரிச்சுப் போகாத."

நான் எங்கே எழுந்து போனேன்? பேசத்தான் வராதே தவிர, கேட்க எனக்கு அலுத்ததே இல்லை.

வாரநாள்களில் நீங்கள் குளுவாங்கில் தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்குவீர்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை உங்கள் வேன் தேவாலயத்துக்குப் போய்விடும். மெர்சிங் சாலையில் கொஞ்ச தூரம் ஓடி, செம்பனைத் தோட்டங்களுக்குள் திரும்பி, மண் பாதையில் போய் ஒரு பூர்வகுடிக் கிராமத்தில் நிற்கும். போதகரும் குழுவினரும் மருந்துப் பெட்டி, பாட்டுப் புத்தகம், பிள்ளைகளுக்கு பிஸ்கட் என்று இறங்குவார்கள். வேனின் முகப்பில் இருந்த முருகன் படத்தைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொன்னதில்லை. ஒருமுறை மட்டும் போதகர், "அண்ணே, எப்ப ஞானஸ்நானம்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம். "வேன் ஓட்டறதுக்கு லைசென்ஸ் போதும்லா பாஸ்டர்" என்றீர்களாம். அவரே அதைப் பல பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அந்த மழை நாளில் வேன் கிராமத்துக்குச் சற்று முன்னால் சேற்றில் இறங்கிவிட்டது. "பாஸ்டர் ஜெபம் பண்ணாரு. நான் முருகான்னேன். ரெண்டு பேருக்கும் வேன் அசையல" என்பீர்கள். கிராமத்து ஆட்கள் மண்வெட்டியும் பலகையும் கொண்டுவந்து தோண்டி, தள்ளி, வெளியே எடுத்தார்கள். எல்லார் மேலும் சேறு. கிராமத் தலைவர் குழுவைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய் அடுப்புப் பக்கம் உட்கார வைத்தார். மரவள்ளிக்கிழங்கு வெந்தது, கருவாடு சுடப்பட்டது. போதகர் நேரமாகிறதே என்று மருந்துப் பெட்டியைத் திறக்கப் போகும்போதெல்லாம் தலைவர் கையமர்த்தி, மலாயில் "மாக்கான் டூலு" என்றார். முதலில் சாப்பிடுங்கள். நீங்கள் அந்த இடத்தில் அவரைப் போலவே தாடையைத் தூக்கிச் சொல்வீர்கள். சாப்பிட்டு முடிப்பதற்குள் திரும்பும் நேரம் வந்துவிட்டது.

அந்த மாதச் சபைச் செய்தியில் 'மழையின் காரணமாக ஊழியம் நடைபெறவில்லை' என்று போதகர் ஒரு வரி எழுதியிருந்தார். அதை உங்களுக்குப் படித்துக் காட்டியது நான்தான்.

"நடக்கலையாமா?" என்று சோற்றில் கை வைத்தபடியே கேட்டீர்கள். "நாங்க குடுக்கப் போனோம். அவங்க குடுத்தாங்க. அது கணக்குல சேராதா?"

அடுத்த பயணத்தில் வேனிலேயே இதைச் சொல்லியிருக்கிறீர்கள். குழுவில் இருந்த ஓய்வுபெற்ற தாதி எஸ்தர் ஆன்ட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். அவர்தான் மிஷனெரி ஞாயிறன்று தேவாலயத்தில் உங்களை மைக் முன்னால் நிறுத்தினார். அம்மாவும் நானும் கடைசி பெஞ்சில் இருந்தோம். நீங்கள் வீட்டில் சொன்னதுபோலவேதான் சொன்னீர்கள். போதகர் எழுந்து வந்து உங்கள் தோளில் கை போட்டார். "நான் எழுதுனது பாதிதான்ணே. மீதி உங்ககிட்ட இருந்துச்சு."

அதற்குப் பிறகு குழு போனதும் முதலில் உட்கார்ந்து சாப்பிட்டது. மருந்துப் பெட்டி அப்புறம்தான். அதுவரை பக்கத்திலேயே வராத தலைவரின் மனைவி, ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவே எஸ்தர் ஆன்ட்டியிடம் தானாகக் கையை நீட்டி ரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னாராம். அதையும் நீங்கள்தான் வந்து சொன்னீர்கள். ஆண்டுதோறும் மிஷனெரி ஞாயிறுக்கு அந்தக் கதையைக் கேட்டு வாங்கினார்கள்.

இந்த ஆண்டு போதகர் என்னைக் கூப்பிட்டார். "அப்பா கதைய நீ சொல்றியாம்மா? புதுசா வந்தவங்க கேட்டதே இல்ல."

பல்கலைக்கழகத்தில் படித்தபோதும் குழுவாக வகுப்பின் முன் பேச வேண்டியிருந்தால் எல்லாவற்றையும் நான் தயார் செய்து, பேசுவதை மற்றவர்களுக்கு விட்டுவிடுவேன். "யோசிச்சு சொல்றேன் பாஸ்டர்" என்றேன். முடியாது என்பதை நான் அப்படித்தான் சொல்வேன்.

அம்மா பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "பட்டம் வாங்குன பிள்ள. வாயத் தொறக்க மாட்டியா?"

"பயமா இருக்குமா. நீங்க சொல்லுங்களேன்."

"நான் சொன்னா ரெண்டு வரில முடிஞ்சிரும்." நறுக்கியதைச் சட்டியில் தள்ளினார். "யாரும் சொல்லலன்னா அதுவும் அவரோட போயிரும்லா."

போனேன் அப்பா. கையில் எழுதிய தாள் இருந்தது. அதை மடித்து வைத்துவிட்டு, உங்கள் வார்த்தைகளிலேயே சொன்னேன். முருகனையும் விடவில்லை. சபை சிரித்தது, போதகர்தான் எல்லாரையும்விடச் சத்தமாக. சேறு, பலகை, அடுப்பு வரை வந்துவிட்டேன். தலைவர் கையமர்த்தும் இடத்தில் என் தாடை தானாக உயர்ந்தது. குரல் வரவில்லை. உங்கள் முகம் என் முகத்தில் வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது.

எல்லாரும் காத்திருந்தார்கள். முன்வரிசையிலிருந்து எஸ்தர் ஆன்ட்டி மெதுவாக, "மாக்கான் டூலு" என்றார். பின்னாலிருந்து இன்னொருவர். பிறகு பழைய ஆட்கள் எல்லாரும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைச் சொல்லி முடித்தேன். இத்தனை ஆண்டுகள் நீங்கள் சொன்னதை அவர்கள் எனக்காகப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அதற்கு அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. உங்களுக்கும்தான்.

வரும் சனிக்கிழமை வேன் போகிறது. எனக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். உங்கள் பூட்ஸ் எனக்குப் பெரிது. இரண்டு காலுறை போட்டால் சரியாகிவிடும் என்கிறார் அம்மா. மண்ணைத் தட்டாமல் அப்படியே போட்டுக்கொண்டு போகிறேன். தலைவர் வீட்டு வாசலில் கழற்றி வைத்துவிட்டு, முதலில் சாப்பிட உட்காருவேன். திரும்பி வந்து நடந்ததை அம்மாவிடம் சொல்வேன். நடுவில் எழுந்து போகக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.