உன் பேரை அங்கே யாரும் எழுதிக்கொள்ளவில்லை

மூலக்குளம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் இளஞ்செழியனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், முட்டிவலி என்னைவிடச் சுகமாக இருக்கிறது. நீ சுகமா என்று உன்னைக் கேட்கப் போவதில்லை, கேட்டால் சுகம் என்பாய், அதனால் உன் பெண்டாட்டி சூசானையே கேட்டுக்கொண்டேன். வேலை முடிந்து வரும்போது போதையில் ரயிலில் தூங்கிப்போய், மூன்று தடவை கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போய் வந்தாயாமே. பிரான்சைப் பார்க்கத்தானே கல்யாணம் கட்டிக்கொண்டு போனாய், நன்றாகச் சுற்றிப் பார். போனில் இதைப் பேசினால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய், கடுதாசிக்குச் சிக்னல் வேண்டாம். எழுத்துப் பிழை இருந்தால் ஐந்தாவதோடு என்னை நிறுத்திய என் அப்பனைத் திட்டிக்கொள்.

உங்கப்பா ஆஸ்பத்திரியில் வயிறு வீங்கிக் கிடந்தபோது ஒரு நர்ஸம்மா என் கையில் ஒரு சீட்டு கொடுத்தது, குடியை விட நினைக்கிறவர்கள் கூடிப் பேசுகிற இடத்தின் விலாசம். அவருக்குக் காட்டினால் கோபித்துக்கொள்வாரே என்று பயந்து அரிசி டிரம்முக்கு அடியில் வைத்தேன். அவர் போய்ப் பதினொரு மாதம் ஆகிறது, போன வாரம்தான் எடுத்தேன். காட்டியிருக்கலாமே என்று நினைக்காத நாள் இல்லை, அது கிடக்கட்டும். உனக்காகவாவது போய்ப் பார்க்கலாம் என்று டவுனுக்குப் பஸ் ஏறினேன். இறங்கி, சீட்டில் தெருப் பேர் அழிந்துபோயிருந்ததால், குடியை நிறுத்துகிற இடம் எங்கே என்று கேட்டால் ஒருத்தனுக்கும் தெரியவில்லை. ஒரு ஆட்டோக்காரன், "இன்னாம்மா, ஆரம்பிக்கிற எடம்னா நாலு காட்டுறேன், நிறுத்துற எடம் நம்மூர்ல ஏது" என்று சிரித்தான். கடைசியில் பார் வாசலில் சுண்டல் விற்கிற பெண்தான் சரியாக வழி சொன்னாள், அவள் புருஷன் அங்கேதான் போகிறானாம்.

ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் பதினைந்து ஆம்பளைகள் முட்டியை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். நான் நேராகப் போய் உன் ஆதார் ஜெராக்ஸ் ஒன்று, போட்டோ இரண்டு, மேசைமேல் வைத்து என் பிள்ளை பேரை எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். ஸ்கூல் சேர்த்ததிலிருந்து பாஸ்போர்ட் வரைக்கும் எல்லா இடத்திலும் உனக்காக நான்தானே போய் நின்றேன், இதையும் அப்படித்தான் நினைத்தேன். அருள்முருகன் என்று ஒருத்தர், தேங்காய்த்திட்டில் மீன் ஏலம் விடுகிறவர், குடியை விட்டு ஆறு வருஷமாம், "எம்மா, இங்க யார் பேரையும் எழுதறதில்ல, புள்ள எங்க" என்று கேட்டார். (அங்கே வருகிறவர்கள் பேரை வெளியே சொல்லக் கூடாதாம், உனக்கு மட்டும் சொல்கிறேன், சூசானைத் தவிர யாரிடமும் சொல்லாதே.) பிரான்சில் இருக்கிறான் என்றேன். ஒரு கிழவர், "நீ இங்க வந்து குந்திக்கினா அவனுக்கு அங்க போதை எறங்கிடுமா" என்றார். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். உங்கப்பா போன பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் வந்திருக்கலாம். ஒவ்வொருத்தராக எழுந்து பேரைச் சொல்லி, நான் குடிநோயாளி என்றார்கள். நம் தெருவில் சாக்கடையில் கிடக்கிறவன்கூட நான் குடிக்கவேயில்லை என்பான், இவர்கள் குடியை விட்டுவிட்டு இப்படிச் சொல்கிறார்கள். என் முறை வந்தது. நான் அஞ்சலாட்சி, குடித்தவள் இல்லை, வாங்கிக் கொடுத்தவள் என்று வாயில் வந்துவிட்டது. வெளியே போய் எங்காவது விழுவாரே என்று தினம் ஆறு மணிக்கு நானே காய்கறிப் பையில் குவாட்டர் வாங்கி வந்து, நெத்திலி வறுத்துக் கூட வைத்ததைச் சொன்னேன். பதினாறாம் நாள் படையலில் உன் சித்தப்பா அவர் இலையில் பிராந்தி வைத்தபோது மூடியைத் திறந்துவிட்டதும் நான்தான் என்று சொன்னேன். யாரும் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை, தலையை ஆட்டினார்கள், அவ்வளவுதான். குடும்பத்தாருக்குப் புதன்கிழமை தனிக் கூட்டமாம், போகப் போகிறேன். குடித்தவர் அவர், வைத்தியம் எனக்கு, நல்ல ஞாயம்.

உன் கதைக்கு வருகிறேன். தெவசத்துக்கு அப்பாவுக்குப் படைக்கச் சொல்லி உன் சிநேகிதன் விஜய் கையில் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினாயே, அவன் பச்சைப்பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கி வந்தான். ஈரல் கெட்டுச் செத்தவருக்கு மகன் அனுப்பிய மருந்து. உங்கப்பா இருந்தால் பெருமையில் இன்னொரு தடவை செத்திருப்பார். அதைச் சாக்கடையில் ஊற்றிவிட்டேன், பாட்டிலைக் கழுவிக் காய வைத்திருக்கிறேன், நல்லெண்ணெய் வைக்க ஆகும். அடுத்த மாசம் தெவசத்துக்கு நான் படைக்கப் போவது சோறு, மீன்குழம்பு, வடை, ஒரு டம்ளர் டீ. சித்தப்பா ஏதாவது கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன்.

உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே வியாழக்கிழமை சாயந்திரம் இதே மாதிரிக் கூட்டம் நடக்கிறதாம். அருள்முருகன் போனில் தேடிச் சூசானுக்கு விலாசம் அனுப்பிவிட்டார். பிரெஞ்சு பேச வரவில்லை என்று சாக்குச் சொல்லாதே, பாட்டில் கேட்டு வாங்க மட்டும் வருகிறதே. உன் ஆதாரும் போட்டோவும் என் கைக்கே திரும்பிவிட்டன. இத்தனை வருஷம் எல்லா வரிசையிலும் உனக்காக நின்றேன், இந்த ஒன்றில் என்னை நிற்க விட மாட்டேன் என்கிறார்கள், நீயேதான் போய் உன் வாயால் பேரைச் சொல்ல வேண்டுமாம். சொல்லு கண்ணு. உங்கப்பாவுக்கு ஒரு இலை போட்டுவிட்டேன். இன்னொரு இலை போட எனக்குக் கை வராது.

நீயும் சூசானும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க மாரியாத்தாவை வேண்டிக்கொள்கிறேன். குளிர் என்று வீட்டிலேயே இருந்துவிடாதே, வியாழக்கிழமை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போ.

இப்படிக்கு,
புதன்கிழமைக் கூட்டத்துக்குப் போகிற உன் அம்மா,
அஞ்சலாட்சி