நீ எழுதிக் கொடுத்த வயசு

என் சரோஜா அக்காவுக்கு,

அங்கே யாராவது வந்து உன்னிடம் வத்தி வைப்பதற்கு முன்னால் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன வியாழக்கிழமை அட்டெண்டர் ரூமில் மாட்டியிருக்கும் உன் படத்தைச் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன். மாலையோடுதான். ஆணியில் சரியாக நிற்காமல் கோணலாகத் தொங்கியது. டீ குடிக்க வந்த வாட்ச்மேன் பார்த்துவிட்டு, "இன்னா கஸ்தூரி, அக்காகூட சண்டையா?" என்றார். "ஆமா, பேச்சுவார்த்தை இல்ல" என்றேன். செத்து எட்டு மாசமானவளோடு சண்டை போடுகிறாள் என்று கேன்டீன் வரைக்கும் சிரித்திருக்கிறார்கள். மறுநாள் நானே நேராக மாட்டினேன். உனக்காக இல்லை. படத்தின் பின்பக்கம் ஒரே ஒட்டடை.

செய்தி இதுதான். அடுத்த மாசக் கடைசியோடு நான் ரிட்டயர் ஆகிறேன். நம் பல்கலைக்கழகத்துக்குள் நுழைவதுகூட சுலபம் போலிருக்கிறது, வெளியே போவதற்குத்தான் ஊர்ப்பட்ட கையெழுத்து. நூலகத்தில் நான் புத்தகம் எதையும் வைத்துக்கொள்ளவில்லை என்று சான்று வேண்டுமாம். முப்பத்தொரு வருஷத்தில் அந்த நூலகத்துக்குள் நான் எடுத்துப் போனதெல்லாம் டீ பிளாஸ்க் ஒன்றுதான். விளையாட்டுத் துறையிலும் கையெழுத்து வாங்க வேண்டும். "சார், ரெண்டு கிரிக்கெட் பேட்டு ஊட்ல கீது. துணி தொவைக்க வெச்சிகினு கீறேன்" என்றேன். பாவம், அந்த சார் ரிஜிஸ்டரைத் திறந்து தேட ஆரம்பித்துவிட்டார்.

பென்ஷன் பாரத்தில் ஒட்ட வீட்டுக்காரரோடு ஜோடியாக ஒரு போட்டோ. ஸ்டுடியோக்காரர் "கொஞ்சம் நெருங்கி உக்காருங்க" என்றதற்கு, இவர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு என்னைவிட்டு அரை அடி தள்ளி உட்கார்ந்தார். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியிலிருந்து இவர் ரிட்டயர் ஆன நாளிலிருந்து டிவி ரிமோட்டும் இவரும்தான் ஜோடி. இந்த மனுஷனோடு முழுப்பகலையும் கழிக்க எனக்கு இன்னும் மூணு வருஷமாவது பயிற்சி வேண்டும் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். அதுவரைக்கும் எல்லாம் சிரிப்புதான்.

அப்புறம் அந்த வியாழக்கிழமை வந்தது.

நிர்வாகப் பிரிவில் உன் நாற்காலியில் இப்போது நித்யா உட்காருகிறாள். திருநெல்வேலிப் பெண். அம்பத்தூரில் ஃபிளாட் வாங்கி வந்திருக்கிறார்கள். தங்கமான பிள்ளை, என் கேலிக்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டாள். என் சர்வீஸ் ரிஜிஸ்டரை முதல் பக்கத்திலிருந்து சரிபார்க்க என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, பிறந்த தேதி சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

நான் வழக்கமான கதையை ஆரம்பித்தேன். தினக்கூலிப் பெண்களை நிரந்தரம் செய்தபோது வயசுக்குச் சான்று கேட்டார்கள். மூணாவதோடு நின்றவளுக்குச் சான்று ஏது? சரோஜா அக்காதான் எல்லா பாரத்தையும் நிரப்பி, என்னை டாக்டரிடம் அனுப்பினாள். அந்த மனுஷன் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தான், மாட்டுச் சந்தையில் பார்ப்பதுபோல. பார்த்துவிட்டு மூணு வயசைக் கூட்டிப் போட்டுவிட்டான். காகிதத்தின்படி என் சொந்த அண்ணனுக்கே நான் அக்கா.

இந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்போம் அக்கா? நான் டாக்டர் மாதிரி நடித்துக் காட்ட, நீ பக்கத்தில் உட்கார்ந்து, "பாவி, நல்லா கீற பொண்ணைக் கெழவியாக்கிட்டான்" என்று எடுத்துக்கொடுப்பாய். அண்ணனூரில் நீ ஏறி, சாப்பாட்டுப் பையை வைத்து எனக்கு இடம் பிடித்து, அடுத்த ஸ்டேஷனில் நான் ஏறியதும் அந்த டாக்டரைத் திட்டிக்கொண்டே கொரட்டூர் தாண்டியிருக்கிறோமே.

நித்யா சிரிக்கவில்லை. பழைய தாள்களைப் புரட்டினாள். "டாக்டர் அப்படி எழுதலியே அக்கா" என்று படித்தாள். அந்தச் சான்றில் வயசு ரெண்டு இடத்தில் வருமாம். தாமே சொல்வதன்படி வயது இருபத்தொன்பது. தோற்றத்தின்படி சுமார் இருபத்தாறு.

அந்த மனுஷன் பல்லைப் பார்த்துச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். முப்பத்தொரு வருஷமாக அவரை மாட்டுத் தரகர் என்று திட்டியிருக்கிறேன்.

"நான் எங்கம்மா இருபத்தொன்பதுன்னு சொன்னேன்?" என்றேன். நித்யா அடுத்த தாளைத் திருப்பிக் காட்டினாள். 'என்னிடம் பள்ளிச் சான்று இல்லை, நான் பிறந்த தேதி இதுதான் என்று உறுதி கூறுகிறேன்' என்று ஒரு பக்கம். உன் கையெழுத்து. வயிறு உப்பிய எழுத்துகள், எனக்குத் தெரியாதா? கீழே எறும்பு மையில் விழுந்து ஏறினதுபோல என் பெயர். அப்போது எனக்கு எழுதத் தெரிந்தது அது ஒன்றுதான். நீ "இங்க போடுடி" என்று விரலால் காட்டிய இடத்தில் போட்டேன். ஃபைல் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் படித்து நான் தமிழ் தேறினது அதற்கப்புறம்தான்.

சரி, அவசரத்தில் தப்பாக எழுதியிருப்பாய் என்றுகூட நினைத்தேன் அக்கா. சத்தியமாக நினைத்தேன். நித்யாதான் தயங்கித் தயங்கி, "சரோஜா அம்மா ரெக்கார்டை போன மாசம்தான் முடிச்சேன். அவங்க பிறந்த தேதியும் இதேதான். நாள், மாசம், வருஷம், மூணும்" என்றாள்.

உன் பிறந்த நாளை எனக்கு எழுதிவிட்டாய்.

"போனா ரெண்டு பேரும் ஒண்ணா போணும்டி. நான் மட்டும் ஊட்ல குந்திகினு செவுத்தையா பாக்கறது?" என்று நீ சொல்லும்போதெல்லாம் அதைப் பாசம் என்று நினைத்தேன். எனக்கு அறுபது ஆகும்போது உனக்கு அறுபத்துமூணு, எப்படிக்கா ஒண்ணா போக முடியும் என்று கேட்டால், "அதான் அந்த டாக்டர் புண்ணியவான் கீறானே" என்பாய். எவ்வளவு சுலபமாகச் சொன்னாய்! வீட்டுக்காரன் விட்டுப் போனபின் தனியாக இருந்தவள், பயந்திருப்பாய். அது புரிகிறது. என்னைக் கேட்டிருந்தால்? "கஸ்தூரி, எனக்குத் துணைக்கு மூணு வருஷம் கொடுடி" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியாதா? தெரிந்ததால்தான் கேட்கவில்லையா?

அதோடு விட்டாயா? என் மூணு வருஷத்தை எடுத்துக்கொண்டு, ஒண்ணா போகலாம் என்று சொல்லிவிட்டு, ஐப்பசி மழையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ மட்டும் முன்னால் போய்விட்டாய். ஏமாற்றினதில்கூட ஒழுங்கு வேண்டாமா?

எனக்கு அந்த மூணு வருஷம் வேண்டும் அக்கா. கேலியாக இல்லை. வீட்டில் நான் அம்மா, சாப்பாடு, துவைத்த சட்டை. காலையில் அந்த கேட்டைத் தாண்டினால்தான் நான் கஸ்தூரி. எந்தப் பேராசிரியருக்கு எந்த நாள் மூக்கின் மேல் கோபம், எந்தப் பிள்ளை கட்டணம் கட்ட முடியாமல் படிக்கட்டில் நிற்கிறது, எல்லாம் எனக்குத் தெரியும். வேறு எங்கே எனக்கு இவ்வளவு தெரிகிறது?

சூப்பரின்டெண்ட் சாரிடம் நித்யாவே எனக்காகக் கேட்டாள். தேதியைத் திருத்த வேண்டுமென்றால் வேலைக்குச் சேர்ந்த அஞ்சு வருஷத்துக்குள் கேட்டிருக்க வேண்டுமாம். "ஒரே வழிதான் அக்கா. எனக்குத் தெரியாம இன்னார் பொய்யா எழுதிட்டாங்கன்னு பேர் போட்டு மனு கொடுத்தா, கமிட்டி எடுத்துப் பாக்கும். ஆனா அவங்க ஃபைலையும் வெளிய எடுப்பாங்க. மோசடின்னு குறிப்பு ஏறிடும்."

"ஏறட்டும்" என்றேன். கோபத்தில் இல்லை, தெளிவாகத்தான் சொன்னேன். நித்யா கோடு போட்ட தாளில் எழுதித் தந்தாள். உன் பெயர் மூணு இடத்தில் வந்தது. நான் ஒவ்வொரு வரியாகப் படித்தபிறகே கையெழுத்துப் போட்டேன். அந்தப் பாடம் நீ கற்றுக்கொடுத்தது.

இன்று காலை தபால் பிரிவில் கொடுத்தேன். அந்தத் தம்பி போனில் பேசிக்கொண்டே, மடிப்பைப் பிரிக்காமல் முதுகில் முத்திரை குத்தி எண் போட்டு அடுக்கில் வைத்தார். "இன்னாக்கா, பெரிய எடத்துக்கு மனுவா?" என்றார். "ஆமா, ஒரு திருடியைப் பிடிச்சிட்டேன்" என்றேன். சொன்னதும் வாய் கசந்தது. மூணு மணிக்குத் திரும்ப வாங்கப் போனேன், கட்டு மேலே போய்விட்டது, நாளைக்கு வா என்றார்கள்.

ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பட்டரவாக்கம் வரும்போது முடிவு செய்தேன். கேட்டுக்கொள்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. செத்தவர்களை மன்னித்துவிட வேண்டும் என்பார்கள், எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை. ஆனால் உன் பெயருக்குப் பக்கத்தில் அந்த வார்த்தையை ஏற்ற விடமாட்டேன். அந்த மனு கமிட்டிக்குப் போகாது. கடைசி நாள் கூட்டத்தில் மைக்கைக் கொடுத்தால் என் நிஜ வயசு ஐம்பத்தேழு என்று எல்லார் காதிலும் விழச் சொல்வேன். யார் மாற்றினது என்று கேட்டால் அந்த டாக்டர்தான் என்பேன். அவர் எங்கிருந்தாலும் இன்னும் ஒரு நாள் அந்தப் பழியைச் சுமக்கட்டும். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு. நீ கொடுத்தது மாதிரி இல்லை, காப்பாற்றுவேன்.

திருமுல்லைவாயிலில் இறங்கி, காலையில் லிஸ்ட் கொடுத்துவிட்டுப் போன மளிகைச் சாமான்களை வாங்கக் கடைக்குப் போனேன். அண்ணாச்சி ஒரு தாளை நீட்டினார். "யம்மா, ரெண்டு தடவை படிச்சிட்டேன், வீட்டுக்காரியும் படிச்சா. இதுல உளுந்து எங்க போட்டிருக்கு?" என்றார். மனு, லிஸ்ட் ரெண்டும் ஒரே கோடு போட்ட தாள், ஒரே மாதிரி நாலாக மடித்தது. பல்கலைக்கழகத்தில் எண்ணும் முத்திரையும் வாங்கிக்கொண்டு பதிவாளரின் பார்வைக்குப் போயிருப்பது உளுந்து ஒரு கிலோ, வெந்தயம் நூறு கிராம், பாத்திரம் தேய்க்கிற நார் ரெண்டு. பத்து நாளில் எழுத்து மூலம் பதில் வருமாம்.

உன் தங்கச்சிதான்,
கஸ்தூரி