வீடு பூட்டியிருந்தது

குருசடித் தெரு, குளச்சல் அஞ்சல்
20 ஜூன் 2011

மதிப்பிற்குரிய டாக்டர் அஸ்வதி அவர்களுக்கு,

கர்த்தரின் சமாதானம். உங்கள் முதியோர் ஆய்வில் நான் 112ஆம் எண். பெயர் ஞானசெல்வி, வயது எழுபத்தெட்டு, விதவை, ஓய்வுபெற்ற துணை அஞ்சல் அதிகாரி. அண்டியாபீஸில் முந்திரி வறுக்கும் புகை எங்களைச் சீக்கிரம் தளர வைக்கிறதா என்று அறிய, எங்களை நடக்க வைத்து, கைப்பலம் அளக்கும் இரும்புப் பிடியை இறுக்க வைத்து எழுதிக்கொண்டு போகிறீர்கள். நல்ல காரியம். ஆனால் ஒரு புகார் உண்டு.

113ஆம் எண் செசிலி, என் பக்கத்து வீடு. அதே அண்டியாபீஸில் நாற்பது வருடம் முந்திரித் தோட்டைத் தல்லி உடைத்தவள். இம்மாதம் 6, 9, 13 தேதிகளில் உங்கள் பணியாளர் சுந்தரராஜ் அவள் கதவைத் தட்டிவிட்டு, மூன்று முறையும் “வீடு பூட்டியிருந்தது” என்று சீட்டு எழுதி கதவடியில் தள்ளிவிட்டுப் போனார். 16ஆம் தேதி மீன்காரி ஓமனா பின்வாசல் வழியாகப் போய்ப் பார்த்தபோது செசிலி கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே தரையில் கிடந்தாள். இறந்து சில நாள் ஆகியிருந்தது.

வெளியே பூட்டுத் தொங்கினால்தான் வீடு பூட்டியிருக்கிறது என்று பொருள். உள்ளே தாழ் போட்டிருந்தால் ஆள் இருக்கிறது. முப்பத்தோரு வருடம் தபால்காரர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்திருக்கிறது. முதல் இரண்டு சீட்டுகளும் மேசைமேல் டம்ளருக்கு அடியில் இருந்தன. மூன்றாவது கதவடியிலேயே கிடந்தது. ஆக, இரண்டு முறை அவள் கதவுவரை வந்திருக்கிறாள். உங்கள் ஆள் அதற்குள் போய்விட்டார்.

இவளை எப்படி எழுதப் போகிறீர்கள்?

இப்படிக்கு,
ஞானசெல்வி


சென்னை
28 ஜூன் 2011

அன்புள்ள ஞானசெல்வி அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். சுந்தரராஜைக் கோபிக்க வேண்டாம். மூன்று முறை திறக்காத வீட்டை விட்டுவிடலாம் என்ற விதியை எழுதியவள் நான்தான்.

போன வருடக் கணக்கில் புகைப் பக்கத்து முதியவர்களும் புகையில்லாத கடற்கரை முதியவர்களும் ஒரே பலத்தோடு இருப்பதாக வந்தது. எனக்கே நம்பிக்கையில்லை. இப்போது புரிகிறது. கதவைத் திறந்தவர்களை மட்டும் எண்ணினால், எழுந்து வர முடிந்தவர்களை மட்டுமே எண்ணுகிறோம். மிகவும் தளர்ந்தவர்கள் எங்கள் ஏட்டிலேயே இல்லை.

செசிலி அம்மாவைச் சேர்க்க இரண்டு விவரம் வேண்டும். அவர்களைக் கடைசியாக உயிரோடு பார்த்தது எந்த நாள்? கடைசி மாதத்தில் துணையில்லாமல் வெளியே நடந்தார்களா? பக்கத்து வீடு நீங்கள் ஒருவர்தான். வேறு யாரைக் கேட்பேன்?

அன்புடன்,
அஸ்வதி
(நானும் நாகர்கோவில்காரிதான் அம்மா.)


குருசடித் தெரு
6 ஜூலை 2011

அன்புள்ள அஸ்வதிக்கு,

நாகர்கோவில்காரி என்று எழுதியதால் ‘நீ’ என்றே எழுதுகிறேன். இங்கே மழை சரியில்லை. புகை தாழ்ந்து அடுக்களைக்குள் வருகிறது. உன் படிவத்தின் தமிழும் சரியில்லை. “கடந்த முப்பது நாட்களில் எவ்வளவு அடிக்கடி சோர்வை உணர்ந்தீர்கள்?” எந்த ஊரில் இப்படிக் கேட்கிறார்கள்? “களைப்பு உண்டா” என்று கேட்டால் போதும்.

நீ கேட்டதற்குப் பதில். ஜூன் 12, பெந்தகோஸ்து ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் பார்த்தேன். நீலக்கரைச் சேலை உடுத்திப் பின்புறக் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். துணையில்லாமல்தான் நடந்தாள்.

ஞானசெல்வி


சென்னை
14 நவம்பர் 2011

அன்புள்ள அம்மாவுக்கு,

விதியை மாற்றிவிட்டோம். இனி கதவு திறக்காவிட்டால் பின்வாசலுக்குப் போக வேண்டும், பக்கத்து வீட்டில் விசாரிக்க வேண்டும். நான்கு ஊர்களில் “பூட்டியிருந்தது” என்று விட்ட 64 வீடுகளுக்கும் திரும்பப் போனோம். நிஜமாகவே ஊரில் இல்லாதவர்கள் 22 பேர். இறந்தவர்கள் 17. மீதி 25 பேர் உள்ளேதான் இருந்தார்கள், எழுந்து வர முடியவில்லை. அந்த 42 பேரில் 31 பேர் புகைப் பக்கம். எல்லாம் உங்கள் ஒரு கடிதத்தால் தெரிய வந்தது.

ஒரு சங்கடம். நீங்கள் எழுதியபடி செசிலி அம்மா தளர்ச்சியில்லாமல் நடமாடி, திடீரென்று இறந்தவராக வருகிறார். ஆனால் அவர் வீட்டுப் பின்வாசலிலிருந்து துணிக்கொடிவரை தொட்டாவாடி முட்செடி மண்டிக்கிடந்ததாகவும், ஆள் நடந்த தடமே இல்லை என்றும், 16ஆம் தேதி செய்தி கேட்டு அங்கே போன சுந்தரராஜ் அன்றே எழுதி வைத்திருக்கிறார். சாட்சிப் படிவம் இணைத்திருக்கிறேன். தேதி சரிதான் என்றால் கையெழுத்திட்டு அனுப்புங்கள்.

அன்புடன்,
அஸ்வதி


குருசடித் தெரு
9 டிசம்பர் 2011

மகளே அஸ்வதி,

படிவத்தில் கையெழுத்திடவில்லை. தேதி பொய். நீலக்கரைச் சேலையும் பொய்.

ஜனவரியில் பங்கு மண்டபத்தில் உங்கள் ஆட்கள் பிடியை இறுக்கச் சொன்னார்கள். எனக்குப் பதினெட்டு வந்தது. செசிலி பல்லைக் கடித்து இறுக்கினாள். முள் ஒன்பதில் நின்றது. சுந்தரராஜ் மெதுவாகத்தான் சொன்னார். பக்கத்தில் நின்ற நான் தந்தி வாசிப்பதுபோல் உரக்க வாசித்தேன்.

“ஒம்பது! ஏட்டி செசிலி, ஒரு கோழிக் கழுத்தக்கூட ஒனக்கு முறுக்க முடியாது, கேட்டியா!”

மண்டபமே சிரித்தது. அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

“நீ முத்திர குத்தின கைட்டி ஞானம். எனக்க கை அண்டி தல்லின கை. அந்த மெசினுக்கு அது தெரியுமா?”

அதற்குப்பின் அவள் என்னோடு பேசவில்லை. சாம்பல் புதனன்று சுவரைப் பிடித்துப் பிடித்துக் கோயிலிலிருந்து திரும்பினாள். நான் தாண்டி நடந்து வந்தேன். அதுதான் நான் கடைசியாகப் பார்த்தது. மார்ச் 9. பிறகு மூன்று மாதம் எங்களுக்கு நடுவே இடுப்பளவு மதில் ஒன்றுதான். அவள் ஊன்றுகோல் தரையில் இழுபடும் சத்தம் கேட்கும். இரண்டொரு நாள் “ஞானம்” என்று கூப்பிட்டதுபோலவும் இருந்தது. அவளே முதலில் வாசலுக்கு வரட்டும் என்று இருந்துவிட்டேன். வர முடியாது என்று நினைக்கவில்லை. வர மனமில்லை என்றே நினைத்தேன்.

இன்னும் இருக்கிறது. ஜூன் 6 அன்று சுந்தரராஜ் அவள் கதவைத் தட்டிவிட்டு என்னிடம் வந்தார். “பக்கத்து வீட்டம்மா இருக்காவளா?” என்று கேட்டார். “எனக்குத் தெரியாது. நான் என்ன அவளுக்குக் காவலாளியா?” என்றேன். வேதத்தில் அந்த வார்த்தையைச் சொன்னவன் தம்பியைக் கொன்றவன்; வேதக்காரர் யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள். பின்வாசலைக் காட்டியிருக்கலாம். அன்றைக்கு அவள் உயிரோடு இருந்தாள்.

“ஒரு வருடத்தில் விழுந்தீர்களா?” என்பதற்கு ஒவ்வொரு முறையும் “இல்லை” என்றேன். குளியலறையில் இரண்டு முறை விழுந்தேன். முதல் கடிதத்தில் உங்கள் ஆளை நான் திட்டியது எதற்கென்று இப்போது உனக்குத் தெரியும்.

செசிலியைச் சரியாக எழுது.

ஞானசெல்வி


சென்னை
17 ஜனவரி 2012

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

113ஆம் எண்ணைத் திருத்திவிட்டோம். துணையில்லாமல் நடந்தாரா: இல்லை. கடைசியாக உயிரோடிருந்தது ஜூன் 9. இரண்டாம் சீட்டை எடுத்து டம்ளருக்கு அடியில் வைத்திருக்கிறாரே, அந்தச் சீட்டுதான் சாட்சி. அந்த வாரம் அவரைப் பார்த்தவர்: யாரும் இல்லை.

112ஆம் எண் பற்றி எங்கள் குழு முடிவு செய்தது. தெரிந்தே தவறான விவரம் தந்தவரின் பதில்களைக் கணக்கில் வைக்க முடியாது. உங்கள் மூன்று வருடப் பதில்களும் நீக்கப்படுகின்றன. இனி சுந்தரராஜ் படிவத்தோடு உங்கள் வீட்டுக்கு வரமாட்டார். உங்களுக்காகப் பேசிப்பார்த்தேன். பிறகு, என்னாலும் வேறு முடிவு சொல்ல முடியவில்லை.

உங்கள் ஒரு கடிதம் இல்லாவிட்டால் 42 பேர் எங்கள் ஏட்டில் இல்லை. அதை நான் மறக்கமாட்டேன்.

அன்புடன்,
அஸ்வதி


குருசடித் தெரு
22 பிப்ரவரி 2012, சாம்பல் புதன்

மகளே அஸ்வதி,

முடிவு சரி. உன் நாற்காலியில் நான் இருந்தால் நான்கு முறை கிழித்திருக்கமாட்டேன். முதல் தாளையே அனுப்பியிருப்பேன்.

இன்று கோயிலுக்குப் போகவில்லை. பாதி வழியில் சுவரைப் பிடித்து நின்றுவிட்டுத் திரும்பினேன். யாரோ ஒரு சின்னப்பெண் என்னைத் தாண்டிப் போனாள்.

செசிலியின் மகன் தேவகுமார் மஸ்கட்டுக்குத் திரும்பும்முன் வெளியே பெரிய பூட்டாகப் போட்டுவிட்டுப் போனான். அந்த வீடு இப்போதுதான் நிஜமாகப் பூட்டியிருக்கிறது. கதவு திறக்காவிட்டால் பக்கத்து வீட்டில் விசாரிக்க வேண்டும் என்பது உன் புது விதி. என் பக்கத்து வீடு அதுதான்.

ஓமனா, “தாழ எடுத்துப் போடுங்க டீச்சரே, ஒரு ஆத்திர அவசரத்துக்கு ஆளு கேற வேண்டாமா?” என்கிறாள். நான் டீச்சர் இல்லை என்று எத்தனை முறை சொல்லியும் அவளுக்கு ஏறாது. தாழை எடுக்கமாட்டேன். உயிரோடு இருக்கும்போதே சாவு வீடுபோல் கதவைத் திறந்துபோட என்னால் ஆகாது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். 114ஆம் எண் வீடு எனக்கு நேர் எதிரே. சுந்தரராஜ் அங்கே வரும்போது என் கதவையும் தட்டச் சொல். படிவம் வேண்டாம். நான் சொல்வதை எழுதவும் வேண்டாம்.

நேற்று நானே அளந்து பார்த்தேன். இது பொய்யில்லை. கட்டிலிலிருந்து கதவுக்கு ஒன்பது எட்டு வைக்க வேண்டும். மாதாவுக்கு மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லி முடிக்கிற நேரம் ஆகிறது.

அதுவரை நிற்கச் சொல்.

ஞானசெல்வி