கதைக்கு வேண்டாத ஆள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது, எழுத முடியவில்லை. உன் சளி விட்டதா?

நீ அனுப்பிய கதை திங்கட்கிழமை வந்தது. பென்சிலால் நீ கோடு போட்டு அடித்ததை விட்டுவிட்டு மீதியைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். பத்து வருஷமாக உனக்குச் சம்பளமில்லாத குமாஸ்தா நான்தானே. "கதையில வேலை இல்லாத ஆளுக்கு நாற்காலி போடக் கூடாதுக்கா" என்பாய். பெரிய மேதை சொல்லிவிட்டான் என்று நானும் தலையாட்டுவேன்.

எங்கள் வீட்டையே வைத்து எழுதுகிறாய், சரி. போன கதையில் மாடியில் குடியிருந்த தையல்காரரை அடித்திருந்தாய். அவரை விட்டுவிட்டுத் தட்டி முடித்தேன். மறுநாள் மாடியில் மெஷின் சத்தம் இல்லை. ஏறிப் பார்த்தால் அறை முழுக்கத் தூசி. எதிர்வீட்டுக்காரரைக் கேட்டேன். அங்கே யாருமே குடியிருந்ததில்லையே என்றார். அவர் போட்டிருந்த சட்டையே தையல்காரர் தைத்ததுதான். எனக்குத்தான் புத்தி பிசகிவிட்டது என்று திரும்பி வந்துவிட்டேன்.

இந்தக் கதையில் என் சின்னவளை அடித்திருக்கிறாய். இவள் இல்லாமலே கதை நிற்கும் என்று ஓரத்தில் குறிப்பு வேறு. படித்துப் பார்த்தேன். பாவி, நிற்கத்தான் செய்கிறது. முன்னைவிட நன்றாகவே இருக்கிறது.

முதல் பக்கம் தட்டியதோடு நிறுத்திவிட்டேன். இன்று காலை உன் அத்தான் அவள் தட்டைப் பார்த்து, "இது யாருக்கு?" என்று கேட்டார். அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அப்பா விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தாள். நான் தட்டை அவள் பக்கம் நகர்த்திவைத்தேன்.

தாமதமானால் உன்னிடமுள்ள நகலை வேறு ஆளிடம் கொடுத்துத் தட்டிக்கொள்வதாக எழுதியிருக்கிறாய். உன் காலில் விழுகிறேன், கொடுத்துவிடாதே. அவளுக்குக் கதையில் ஒரு வேலை கொடு. ஒரு கதவையாவது திறக்கட்டும். அவள் திறக்காவிட்டால் கதை ஓர் அடிகூட நகரக் கூடாது. உனக்கா அப்படி எழுதத் தெரியாது?

அவளுக்கு வயது ஒன்பது. இடது புருவத்தில் தழும்பு. உன்னை 'டேய் மாமா' என்றுதான் கூப்பிடுவாள், எத்தனை அதட்டினாலும் கேட்கமாட்டாள். நீ மறந்திருந்தால் என்ன செய்வது என்று எழுதுகிறேன். எனக்காகவும்தான்.

நீ தீர்க்காயுசாக இரு. அவளையும் இருக்க விடு.

உன் அக்கா