தம்பியின் ஒரே லீவு

அப்பா,

இன்று பயறு வறுத்தேன். கஞ்சிக்கு இல்லை, பிள்ளைகளுக்குப் பணியாரம் சுடத்தான். வாசம் எழும்பியதும் குசினியில் நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன். பயறும் அரிசியும் வறுத்து அரைத்துக் காய்ச்சி, துணியில் வடித்த உங்கள் கஞ்சியின் வாசம் அது. உங்களுக்குக் கிடைத்ததும் அந்த வாசம் மட்டும்தான். கஞ்சி உங்கள் வாயைத் தொடாமலே வயிற்றுக்குப் போய்விடும்.

பாரிசவாதம் வந்து உங்கள் வலப்பக்கம் விழுந்த வருடம் நாட்டில் சண்டை மறுபடியும் தொடங்கியிருந்தது. தண்ணீர் குடித்தால்கூட நெஞ்சுக்குள் போய் இருமினீர்கள். மூன்று கிழமை மூக்கால் ரியூப் விட்டுப் பார்த்துவிட்டு, வயிற்றில் சின்னத் துளை போட்டு அதன் வழியாக ரியூப் வைத்தார்கள். சாம்பல்தீவு வீட்டிலிருந்து டவுன் ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு காலையும் போத்தலில் கஞ்சியோடு சைக்கிளில் வருவேன். சோதனைச் சாவடியில் போத்தலைத் திறந்து, என்னையே ஒரு மிடறு குடித்துக் காட்டச் சொல்வார்கள். அதைச் சொல்லி ஒருநாள் உங்களிடம் பொரிந்து தள்ளினேன். நீங்கள் ஆறுதலாகக் கேட்டுவிட்டு, குழறிய நாக்கால், "குடிச்சுப் பாத்தனீதானே, உப்புக் காணுமோ?" என்றீர்கள். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

தம்பி அப்போது கட்டாரில். இரண்டு வருடத்துக்கு ஒரு லீவுதான் அவனுக்கு. இப்போது வந்தால் உங்களோடு இருப்பான், ஆனால் ஏதும் நடந்தால் கொள்ளி வைக்க வர முடியாது. லீவைப் பிடித்து வைத்தால் கொள்ளிக்கு வரலாம், உயிரோடு முகம் பார்க்கக் கிடைக்காமல் போகலாம். டவுன் கடையொன்றிலிருந்து கோல் எடுத்துக் கேட்டேன். "நீங்கள் சொல்லுறபடி செய்யிறன் அக்கா" என்று என் தலையில் கட்டிவிட்டான். பெரியப்பாவோ ஒரே பிடியாக நின்றார். சொந்த மகன் இருக்க வேறொருவன் உங்களுக்குக் கொள்ளி வைப்பதா, பொறுத்திருக்கட்டும் என்றார்.

டொக்டரிடம் எத்தனை நாள் என்று கேட்டேன். உங்கள் வயது, நெஞ்சுச் சளி, இரத்தத்தில் சத்துக் குறைவு, மூன்றுமே நல்லதாக இல்லை என்றார். வயிற்றில் ரியூப் வைத்த முதல் மாதம்தான் கண்டம், அதைத் தாண்டுகிற பலர் நெடுநாள் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். அப்பா எந்தப் பக்கம் என்று விடாமல் கேட்டேன். "தங்கச்சி, நூறு பேரைப் பற்றிக் கேட்டா ஓரளவு சொல்லுவன். இவர் ஒராளைப் பற்றிச் சொல்ல ஏலாது" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. படித்த மனிதர், ஒரு நாளைச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன்.

பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. பெரியப்பாவும் நானும் உங்கள் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று, உங்களை நடுவில் வைத்துக்கொண்டே இரண்டு நாள் இதைக் கதைத்தோம். கொள்ளி என்ற சொல்லைக்கூட மெல்லச் சொல்லவில்லை. துறைமுகத்து இழுவைப் படகில் எஞ்சின் இரைச்சலை மேவிச் சத்தம் போட்டே பழகியவர் நீங்கள். பேச்சுக் குழறியதும், காதும் போய்விட்டது என்று நாங்களாகவே முடிவு கட்டிவிட்டோம். மூன்றாம் நாள் இடது கையால் கட்டில் கம்பியில் தட்டினீர்கள்.

"என்னையும் ஒருக்காக் கேளுங்கோவன்."

தம்பி இப்போது வரட்டுமா, பிறகு வரட்டுமா என்று கேட்டேன்.

"செத்த பிறகு ஆர் கொள்ளி வச்சா எனக்கென்ன தெரியப்போகுது? பெடியனை இப்ப வரச் சொல்லு."

நான் அன்றைக்கே தம்பிக்குக் கோல் எடுத்தேன்.

வழிநெடுக அடையாள அட்டையைக் காட்டிக் காட்டி வந்து சேர்ந்தான். இருபது நாள் நின்றான். பெரிய சிறிஞ்சை உயர்த்திப் பிடித்து, அவசரப்படுத்தாமல் கஞ்சியை இறங்கவிட என்னைவிட நன்றாகப் பழகிவிட்டான். நீங்கள் இருவரும் கதைத்ததில் பாதி எனக்கு விளங்கவில்லை. சிரிப்பது மட்டும் வாட்டு வாசல்வரை கேட்கும். அவன் திரும்பிப்போன கிழமை முதல் மாதமும் தாண்டியது. பிறகு உங்களை வீட்டுக்கே கொண்டுவந்தோம். ஒரு வருடமும் சொச்சமும் இருந்தீர்கள், அப்பா. டொக்டருக்கே நம்ப முடியவில்லை.

நித்திரையில் போனீர்கள். தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. பெரியப்பாவின் மகன்தான் கொள்ளி வைத்தான். அவசரப்பட்டுத் தம்பியை முன்னமே கூப்பிட்டுவிட்டேன் என்று சனம் என் காதுபடவே சொன்னது. அவனும் அதையே சொல்லிவிடுவானோ என்ற பயத்தோடுதான், எட்டாம் நாள் சடங்கு முடிந்த பிறகு அதே டவுன் கடையிலிருந்து கோல் எடுத்தேன். அவன் நெடுநேரம் அழுதான்.

"நல்ல காலம் அக்கா, அப்பவே கூப்பிட்டனீங்கள்" என்றான்.

"நான் இல்லையடா, அப்பாதான் கூப்பிட்டவர்" என்றேன்.

கடையை விட்டு இறங்கியபோது மூச்சு லேசாக வந்தது. அதன் பிறகு எத்தனையோ முடிவு எடுத்தேன், எத்தனையோ பிழையாய்ப் போய்க் கிடந்து நொந்திருக்கிறேன். அந்த ஒன்றுக்காக ஒரு நாளும் நொந்ததில்லை, அப்பா.