பள்ளிக்கூடத்தில் உனக்காக ஜெபித்தார்கள்

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. நான், உன் அம்மா, நீ பெற்ற பாப்பா மூன்று பேரும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று கர்த்தரிடம் கேட்டுக்கொண்டுதான் பேனாவைத் திறந்தேன். உன் கடிதம் வந்து சேர்ந்தது. இந்தத் தடவையும் லீவு கொடுக்கவில்லை, அடுத்த பருவத்தில் கட்டாயம் வருகிறேன் என்று எழுதியிருந்தாய். படித்தேன், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன், பாப்பாவுக்கு இன்னும் படித்துக் காட்டவில்லை. ஏன் காட்டவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள், கத்தரிக்கோல் பழகிய அளவுக்கு இந்தக் கைக்குப் பேனா பழகவில்லை, ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடமே என்னைக் கும்பிட்டு வழியனுப்பி வைத்துவிட்டது உனக்குத் தெரியும்தானே.

முதலில் வீட்டுச் சங்கதி. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, வாய் எப்போதும்போல நல்ல பலத்தோடு இருக்கிறது. கடையில் நாற்காலியின் அடிக்கம்பி தேய்ந்துபோய்விட்டது, உட்காருகிறவர்கள் பாதிச் சவரத்தில் தானாகவே மெல்ல வாசல் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். உங்கிட்டேயிருந்து தப்பிச்சு ஓட நாற்காலிக்கே ஆசை வந்துடுச்சுப்பா என்று ஒருத்தர் சொன்னார், நானும் சிரித்தேன், நாற்காலியின் நியாயம் எனக்குப் புரிகிறது. பாப்பா வளர்ந்துவிட்டாள். நீ அனுப்பிய சிவப்புக் கவுன் முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. நீ பார்த்த முன்பற்கள் விழுந்து நீ பார்க்காத பற்கள் முளைத்துவிட்டன, புதுப் பற்கள் அவளுடைய வாய்க்குக் கொஞ்சம் பெரிசு, சிரித்தால் வேறு யாருடையதையோ இரவல் வாங்கி மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது. அவள் அப்பன் போன இடம் தெரியவில்லை, நாங்களும் தேடவில்லை, அந்தப் பேச்சு இந்த வீட்டில் இல்லை.

இனி பள்ளிக்கூடத்துச் சங்கதி, அதுதான் விஷயமே. பாப்பா படிக்கிற மிஷன் பள்ளிக்கூடம் நாம் நினைக்கிற மாதிரிப் பள்ளிக்கூடம் இல்லை. ஒரே நீளக் கட்டடம், நடுவில் மரத் தடுப்புகள், ஒரு வகுப்பில் பாடினால் அடுத்த வகுப்பும் சேர்ந்து பாடும். ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு நல்ல குணத்தை எடுத்துக்கொள்கிறார்கள், அதை வண்ண அட்டையில் வெட்டி வாசலுக்கு மேலே ஒட்டிவிடுகிறார்கள், அந்தப் பருவம் முழுக்கக் கணக்கு, படம், பாட்டு, தோட்டவேலை எல்லாம் அந்த ஒரே வார்த்தையைச் சுற்றித்தான். பொறுமை வந்த பருவத்தில் புழுவை டப்பாவில் போட்டு வண்ணத்துப்பூச்சி ஆகும் வரைக்கும் காத்திருந்தார்கள். உண்மை வந்த பருவத்தில் தராசு செய்து எடைக் கணக்குப் படித்தார்கள், பாப்பா வீட்டுக்கு வந்து உன் அம்மாவின் சமையலைப் பற்றி உண்மை பேசி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். எனக்குப் படிக்கக் கிடைத்த பருவங்கள் இரண்டுதான், வாத்தியார் பிரம்பு முழுசாக இருந்த பருவம், அது என் முதுகில் முறிந்த பிறகு வந்த பருவம். அதனால் இவர்கள் சொல்லிக்கொடுக்கிற விதம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது, இன்றைக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, இதை நீ மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

இந்தப் பருவத்து வார்த்தை நம்பிக்கை. ஈரப் பஞ்சில் விதை போட்டு முளையை அளக்கிறார்கள், நோவா விட்ட புறாவைக் காகிதத்தில் மடித்துக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருக்கிறார்கள். சுவர் அகலத்துக்கு ஒரு துணி விரித்து, பிள்ளைக்கு ஒரு கட்டம் கொடுத்து, நீ எதுக்காகக் காத்திருக்கியோ அதை வரை என்று சொல்லியிருக்கிறார்கள். ஒருத்தன் சைக்கிள் வரைந்தான், ஒருத்தி பிறக்கப்போகிற தம்பியை வரைந்தாளாம், அதற்குள்ளேயே அவனுக்கு மீசையும் வைத்துவிட்டாளாம். பருவக் கடைசியில் அந்தத் துணியை மேடைக்குப் பின்னால் கட்டி நாடகம் போடுவார்கள். மேய்ப்பர் வேஷத்துக்கு அங்கி வேண்டும் என்று கேட்டார்கள், கடையில் கழுத்தில் கட்டுகிற பழைய வெள்ளைத் துணிகளைத் துவைத்துக் கொடுத்தனுப்பினேன்.

கொஞ்ச நாளில் பாப்பா கையில் ஒரு பெரிய அட்டை வந்தது. பிள்ளைகளே பூ வெட்டி ஒட்டி, அன்புள்ள தாத்தா, உங்களுக்காக ஜெபிக்கிறோம், நீங்கள் தனியாக இல்லை என்று எழுதி, வகுப்பு முழுக்கக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நாலு பழந்துணிக்கு இவ்வளவு பெரிய நன்றியா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைக் கண்ணாடிக்கு நடுவில், வருகிறவன் போகிறவன் கண்ணில் படுகிற மாதிரி ஒட்டினேன். தாத்தா மனசு நெகிழ்ந்து போயிட்டாருன்னு டீச்சர்கிட்ட சொல்லு என்று பாப்பாவிடம் சொல்லியும் அனுப்பினேன், அவளும் அப்படியே போய்ச் சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு கடைக்கு வந்தவர்கள் எல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டார்கள். வாய் ஓயாத பேக்கரிக்காரர் தலையைக் குனிந்து உட்கார்ந்து, காதோரம் நான் கீறியதைக்கூட ஒன்றும் சொல்லாமல், போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். நாற்காலி திரும்பினால்கூட யாரும் சிரிக்கவில்லை. என் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது, ஊரே பார்த்துப் பரிதாபப்படுகிறது என்று நினைத்துக்கொண்டேன். உன் அம்மாவிடம் கையை நீட்டிக் காட்டி, பாரேன், நடுங்குதா என்றேன், கை நல்லாத்தான் இருக்கு, மண்டைதான் லேசா ஆடுது என்றாள்.

அப்புறம் தபால்காரர் வந்தார். தலையில் ஒரு முடி இல்லாவிட்டாலும் பேச்சுக்காக வாரம் தவறாமல் வந்து உட்காருவாரே, அவர்தான். உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வராமல் படியிலேயே நின்றார். என்னவோய் புதுசா வெட்கம் என்று கேட்டேன். அவர் கண் கலங்கிவிட்டது. அண்ணே, மனசத் திடப்படுத்திக்குங்க, இது முன்னாடியே போட்டது போல, வழியில எங்கேயோ தங்கி இப்பத்தான் வந்திருக்கு, அவங்க கையெழுத்துதான் என்றார். எது தங்கிச்சு, போன மாசமும் இப்படித்தானே வந்துச்சு என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். என் பையன் சொன்னான்ணே, பள்ளிக்கூடத்துல மெழுகுவத்தி ஏத்தி ஜெபம் பண்ணாங்களாம், பாப்பாவோட அம்மா கர்த்தர்கிட்ட போயிட்டாங்கன்னு பாப்பாவே எழுந்து நின்னு சொல்லிச்சாம் என்றார்.

உறையைக் கிழித்துத் தேதியைப் பார்த்தேன், உன் எழுத்தைப் பார்த்தேன், நீ உயிரோடு இருக்கிறாய் என்று தபால்காரருக்குப் படித்துக் காட்டினேன், படிக்கும்போதே நீ வரவில்லை என்பதும் தெரிந்தது. அந்த மனுஷன் நல்லவேளைண்ணே நல்லவேளைண்ணே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு நல்லவேளையா கெட்டவேளையா என்று பிடிபடவில்லை. முதல் வேலையாகக் கண்ணாடியில் இருந்த அட்டையைக் கழற்றினேன். சொந்தப் பெண்ணின் சாவுக்கு வந்த அட்டையை நடுக்கண்ணாடியில் ஒட்டிவைத்துப் பூரித்துப்போய் நின்ற அப்பன் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

பள்ளிக்கூடம் விட்டதும் பாப்பாவைக் கடைக்குக் கூட்டிவந்து, நெற்றிமுடி கண்ணில் விழுகிறது, வெட்டிவிடுகிறேன் என்று உட்காரவைத்தேன். நேருக்கு நேர் கேட்க எனக்குத் தைரியம் இல்லை, கண்ணாடியைப் பார்த்துத்தான் கேட்டேன். பாப்பா, அம்மா செத்துப்போயிட்டான்னு சொன்னியாமே என்றேன். ஆமா என்றாள். அது பொய்யில்லையாம்மா என்றேன். பொய்தான் தாத்தா, ஆனா உண்மை போன பருவமே முடிஞ்சிருச்சே என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மற்றதையும் சொல்லிவிட்டாள். வகுப்பில் ஒரு பையனுடைய தாத்தா தவறிப்போய்விட்டாராம், துணியில் என்ன வரைவது என்று அவன் அழுதானாம். டீச்சர் அவனிடம், உங்க தாத்தாவையே வரைப்பா, போனவங்களை நாம நிச்சயமாத் திரும்பப் பார்ப்போம், அது கர்த்தர் குடுத்த வாக்கு, அவர் சொன்ன சொல் தவறமாட்டார் என்று சொன்னாராம். நிச்சயமாவா டீச்சர் என்று பாப்பா கேட்டாளாம், நிச்சயமாக என்று சொன்னாராம். அவள் கட்டத்தில் நீ பையோடு பஸ்ஸிலிருந்து இறங்குகிற மாதிரி ஏற்கெனவே பென்சிலில் வரைந்து வைத்திருந்தாள். அதை ரப்பரால் அழித்துவிட்டு, வெள்ளை உடுப்போடு, மேகத்தின் மேல், கையை விரித்துக்கொண்டு நிற்கிற மாதிரி வரைந்திருக்கிறாள். செத்தவங்களக் கண்டிப்பாப் பாக்கலாம் தாத்தா, அங்க யாரும் லீவு இல்லன்னு சொல்லமாட்டாங்கல்ல என்றாள். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துப் பயந்து, தாத்தா, கோணலா வெட்டிட்டீங்களா என்று கேட்டாள். கோணலாகத்தான் வெட்டியிருந்தேன்.

உன் அம்மாவிடம் சொன்னேன். காய்ந்து மடித்து வைத்திருந்த துணிகளை எல்லாம் பிரித்துத் திரும்ப மடித்தாள். பிறகு, அவளுக்கு எழுதுங்க, நல்லா உறைக்கிற மாதிரி எழுதுங்க என்றாள். நான் பேனாவை எடுத்ததும், வேணாங்க, அங்க ஒத்தையில உக்காந்து படிப்பா, பாத்து எழுதுங்க என்றாள். இரண்டு உத்தரவையும் ஒரே கடிதத்தில் எப்படி நிறைவேற்றுவது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பெரிய டீச்சர் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து எனக்கும் ஒன்றைப் போட்டார்கள், முழங்கால் இரண்டும் காதைத் தொடுகிற மாதிரி உட்கார்ந்துகொண்டு, என் மகள் சாகவில்லை என்று சொன்னேன். வகுப்பு டீச்சர் சின்னப் பெண்தான், இந்தப் பருவம்தான் வேலையில் சேர்ந்தது, நான்தான் ஐயா அப்படிச் சொன்னேன், இப்படி ஆகும்னு நினைக்கவே இல்லை என்று அழுதது. அழாதம்மா, நீ சொன்னதுல தப்பில்ல என்று நான் தேற்றும்படி ஆயிற்று. பாப்பாவை யாரும் திட்டவில்லை, எழுப்பி நிற்கவைக்கவும் இல்லை. பெரிய டீச்சரே வகுப்புக்குப் போய், நாங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம் பிள்ளைங்களா, இவளோட அம்மா உயிரோட இருக்காங்க, தூரத்துல வேலை பார்க்கிறாங்க என்று சொன்னார்கள். அவ்வளவுதான், பிள்ளைகள் துள்ளிக் குதித்துவிட்டார்கள், செத்துப்போன ஒருத்தர் பிழைத்து வந்தால் சும்மாவா. ஒரு பொடியன் கையைத் தூக்கி, மூணாம் நாளா டீச்சர் என்று கேட்டான். தடுப்புக்கு அந்தப் பக்கத்து வகுப்பும் என்ன ஏதென்று தெரியாமலே கை தட்டியது. கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன் மகளே, அத்தனை பேர் தட்டினார்கள், பாப்பா மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

உனக்குப் புதுசா ஒரு கட்டம் தைச்சுத் தரட்டுமா, வேற வரையிறியா என்று டீச்சர் கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். அந்தப் படம் துணியிலேயேதான் இருக்கிறது. நேற்று வீட்டில் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன், பாப்பா, பருவம் முடிஞ்சதும் அதை டீச்சர்கிட்டே கேட்டு வெட்டி வாங்கி அம்மாவுக்கு அனுப்பலாமா, அம்மா சந்தோஷப்படுவா என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டு, வேணாம் தாத்தா, இது வர்ற அம்மா என்றாள்.

மகளே, உன் பாடு எனக்குத் தெரியாமல் இல்லை. யாரோ ஒரு வீட்டுப் பெரியம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, அந்த அம்மாள் தூங்கும்போது நீயும் கூடவே தூங்கி, போன்கூடப் பேச விடாத வீட்டில் யாருக்காகக் கிடக்கிறாய் என்று இந்தக் கிழட்டு மண்டைக்கும் தெரியும். வா என்று உத்தரவு போட எனக்கு மனசு வரவில்லை, வராதே என்று சொல்ல வாயும் வரவில்லை. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பருவம் வருகிறேன் என்று மட்டும் இனிமேல் அவளுக்கு எழுதாதே. உன்னால் முடியாது என்றால் முடியாது என்றே எழுது, நான் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுகிறேன், அழுதால் தூக்கிக்கொள்கிறேன், இன்னும் தூக்கக்கூடிய கனம்தான். முடியும் என்றால் யாருக்கும் சொல்லாதே, எனக்கும் உன் அம்மாவுக்கும்கூடத் தெரியவேண்டாம். நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போ. மணி அடித்ததும் பிள்ளைகள் தோட்டத்துப் பக்கத்துக் கேட் வழியாகத்தான் வெளியே வருவார்கள், முன்வாசலில் நின்றுவிடாதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு, மிச்சம் மீதியைத் தின்று நாளை ஓட்டாதே. போர்த்திக்கொண்டு படு. கர்த்தர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், உன் அம்மாவின் முத்தமும் என் ஆசீர்வாதமும் உன் தலைமேல் இருக்கட்டும். பாப்பாவின் முத்தத்தையும் சேர்த்து எழுத ஆசைதான், ஆனால் அவளைக் கேட்காமல் எழுத எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
உன்னைச் சாகவிடாத
அப்பா