சொல்லாமல் வரும் சோதனை

ஆகஸ்ட் 1, சனி

வெயில் கொளுத்துகிறது. பத்து மணிக்கே கரண்ட் போய்விட்டது. முத்தியால்பேட்டை முழுக்க ஜெனரேட்டர் சத்தம்.

இவருடைய பேச்சைத் தமிழில் எழுதி முடிக்க வேண்டும். ஆறாம் தேதி காலை உப்பளத்தில் ஒரு மண்டபத்தில் அணு ஆயுத ஒழிப்புக் கூட்டம். பிரான்சிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். ஒரு டாக்டரம்மா, ஒரு பழைய கப்பல்படைக்காரர். என் வீட்டுக்காரர் பழைய சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் பதினேழு வருடம். அவர் பிரெஞ்சில் பேசுவார், பக்கத்தில் நின்று நான் தமிழில் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு டீச்சர், வீட்டில் சும்மா கிடைத்த துபாஷி.

இடது மணிக்கட்டு வீக்கம் வற்றவில்லை. புதன்கிழமை சங்கரா மீன் குழம்பில் உப்பு ஒரு கல் தூக்கல், அதற்குத்தான். பிடித்து முறுக்கினார். உள்ளே ஏதோ நறுக்கென்றது. படி தடுக்கியது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டேன். அடுத்த வீட்டு மும்தாஜ் அக்காவிடமும் அதே. இடியாப்பம் கொடுக்க வந்தவள் கையையே பார்த்தாள்.

"ஏன் பிலோ, இந்தப் படி உங்க வூட்ல மட்டும் எப்படி மாசாமாசம் தடுக்குது?"

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் வீட்டில் தாளிப்பது எனக்குக் கேட்கும். எனக்கு விழுவது அவளுக்குக் கேட்காமல் இருக்குமா.

வாங்க: கிரேப் பேண்டேஜ், உளுந்து, இவருக்குத் தைராய்டு மாத்திரை (காலி), சிவப்புப் பேனா.

ஆக. 2, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் ஒத்திகை. இவர் பீரோ கண்ணாடி முன்னால், நான் கட்டில் ஓரத்தில்.

மொருரோவா. பசிபிக்கில் ஒரு பவழத்தீவு. இவருக்கு அப்போது இருபத்தைந்து வயது. பெரிய நாடுகளின் சண்டையெல்லாம் ஓய்ந்துவிட்டது, இனிமேல் குண்டு எதற்கு என்று உலகமே கேட்ட நேரம். அப்போதும் கடைசியாகச் சில வெடித்துப் பார்த்தார்கள். கடலடியில் துளை போட்டு, உள்ளே இறக்கி. அலை எழும்பும் என்று இவர்களை உயரமான மேடை மேல் ஏறி நிற்கச் சொன்னார்களாம். காலடி ஒரு தரம் எகிறியது. தண்ணீர் முழுக்க வெள்ளையாக எழும்பி நின்றது. அப்புறம் அமைதி. அப்புறம் மீன்கள், வயிறு மேலே தெரிய, கண் பிதுங்கி. சாப்பிடாதே என்று உத்தரவு. இவரும் காரைக்கால்காரர் ஒருவரும் சாயங்காலம் சுட்டுத் தின்றார்கள். காரைக்கால்காரர் நாற்பது வயதில் ரத்தப் புற்றுநோயில் போய்விட்டார். இவருக்குக் கழுத்தில் கத்தி வைத்துத் தைராய்டை எடுத்தாயிற்று.

கேட்டுக்கொண்டே அழுதுவிட்டேன். அதுதான் என் கஷ்டம். எல்லாம் நிஜம்.

இரண்டாம் பக்கக் கடைசி வரி: "அன்றிலிருந்து நான் யார் மேலும் கை ஓங்கியதில்லை."

"இதையும் நான் சொல்லணுமா?" என்று கேட்டேன். சும்மா, மெதுவாகத்தான் கேட்டேன்.

ராணுவ பெல்ட். பித்தளை பக்கிள் பக்கத்தால். முதுகில், தொடையில். குப்புற விழுந்த பிறகும். கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய நாணயம் கிடந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் மூச்சு வாங்கியபடி, "மூணாம் பக்கத்துலேர்ந்து படி" என்றார். படித்தேன்.

அந்தத் தீவுதான் இவரை இப்படி ஆக்கியதா? பன்னிரண்டு வயதிலேயே தம்பியின் பல்லை உடைத்தவர் என்று மாமியாரே சொல்லியிருக்கிறார்.

ஆக. 3, திங்கள்

முதுகு நாற்காலியில் படவில்லை. நான்கு பீரியடும் நின்றே நடத்தினேன். "டீச்சர் இன்னைக்கு உக்காரவே இல்ல" என்று முதல் பெஞ்சில் ஒருத்தி.

மதியம் ஸ்டாஃப் ரூமில் மூன்றாம் பக்கம். பிரான்சிலிருந்து வருகிறவர்கள் அனுப்பிய புத்தகத்தைப் பார்த்து இவர் எழுதிக்கொண்டது. ஆயுதக் குறைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து பெரிதில்லை, நேரில் போய்ப் பார்க்கும் சோதனைதான் பெரிது. ஒரு நாட்டு ஆட்கள் இன்னொரு நாட்டுக்கே போய் ஏவுகணைகளை எண்ணிப் பார்ப்பார்கள். வருகிறோம் என்று ரொம்ப முன்னாலேயே சொல்ல மாட்டார்கள். இன்று சௌகரியப்படாது என்று அந்த நாட்டுக்காரர்களும் சொல்ல முடியாது. பிறகு சண்டை, சச்சரவு, சோதனை நின்றது. சோதனை நின்றதும் ஒப்பந்தம் வெறும் தாள். இந்தப் பிப்ரவரியோடு இரண்டு பெரிய நாடுகளுக்கும் நடுவே அந்தத் தாளும் இல்லை.

தனியாகச் சிரித்துவிட்டேன். கணக்கு டீச்சர் திரும்பிப் பார்த்தார்.

எங்கள் வீட்டிலும் ஒரு ஒப்பந்தம் உண்டு. நான்கு வருடம் முன்னால் மகள் சென்னைக்குப் போனபோது, தன் சாவியை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, "அந்த ஆளு இருக்கிற வரைக்கும் வரமாட்டேம்மா" என்றாள். அதற்குப் பிறகு பங்குச் சாமியார் முன்னால் இவர் எழுதிக் கொடுத்தார், இனி அடிக்க மாட்டேன் என்று. பெரிய கையெழுத்து. பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. பன்னிரண்டாம் நாள் அடி. சாமியார் ஞாயிறுதோறும் கேட்பார், "எல்லாம் நல்லபடியா போவுதா?" இவர் பக்கத்தில் நிற்பார். நான் தலையாட்டுவேன். வேலிக்கு ஓணான் சாட்சி.

பயம் எனக்குப் பழகிவிட்டது. இன்று வந்தது கோபம். ஸ்டாஃப் ரூமில் உட்காரவும் முடியாமல் நின்றுகொண்டு, பற்கள் கிட்டும் அளவுக்குக் கோபம்.

ஆக. 4, செவ்வாய்

புழுக்கம். தூறல் போட்டு ஏமாற்றியது.

வெளிநாட்டுக்காரர்கள் இருவரும் டீக்கு வந்தார்கள். இவர் தேனாகப் பேசினார். என் சமையலைப் புகழ்ந்தார். டாக்டரம்மாவுக்கு எழுபது வயது இருக்கும், குட்டை முடி. சமையலறைக்குத் தட்டு கொண்டுவரும் சாக்கில் வந்து என் மணிக்கட்டைத் தொட்டாள். என்ன ஆயிற்று என்று மெதுவாகப் பிரெஞ்சில்.

படி தடுக்கியது.

வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். தரைத்தளம். மாடி இல்லை. "எந்தப் படி?" என்று கேட்டாள். நான் டிகாக்‌ஷனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் கார் தெரு முனை திரும்பக்கூட இல்லை.

"இன்னா சொன்ன அவகிட்ட?"

"ஒண்ணும் சொல்லலைங்க."

முடியைப் பிடித்துச் சமையலறைச் சுவரில் இடித்தார். மூன்று தரம். நடுச்சுவர். அந்தப் பக்கம் மும்தாஜ் அக்கா வீட்டுக் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது இடியில் நின்றுவிட்டது. மூன்றாவது எனக்கும் அக்காவுக்கும் தெளிவாகக் கேட்டது.

ஆக. 5, புதன்

பள்ளிக்கூடத்துக்கு லீவு. தலை சுற்றல். இவர் மண்டபத்தில் மைக், பேனர் பார்க்கப் போனதும் அக்கா வீட்டுக்குப் போனேன். மகள் விட்டுப்போன சாவியை அவள் கையில் வைத்தேன்.

"எப்ப வேணும்னாலும் வாக்கா. சொல்லிட்டு வராத. தட்டாத. தெறந்துகினு வா."

"வந்து?"

"என் கையப் பாரு, முதுகப் பாரு. இது இன்னான்னு அவரு எதிர்லயே கேளு. நான் படின்னு சொன்னா நம்பாத."

வெகுநேரம் சாவியைப் புரட்டினாள்.

"உன் வூட்டுக்காரரு என்னையும் அடிப்பாரு பிலோ."

"அடிப்பாரு. பொய் சொல்ல மாட்டேன்."

"நேத்து சுவத்துல இடிச்சது எனக்குத் தூக்கத்துலயும் கேட்டுது. ஊருக்குத்தான் உபதேசம்னு சொல்லுவாங்க, உன் வூட்ல கண்ணால பாக்கறேன்." சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "தனியா வரமாட்டேன். மருமவளயும் இட்டுகினு வரேன். அவ போன்ல படம் புடிப்பா."

வீட்டுக்கு வந்த பிறகுதான் மூளை வேலை செய்தது. உள்ளே தாழ்ப்பாள் போட்டால் சாவி என்ன செய்யும்? ஸ்க்ரூ டிரைவரால் தாழ்ப்பாளைக் கழற்றினேன். மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒரு கையால், முக்கால் மணி நேரம். கொல்லைக் கதவிலும். எல்லாவற்றையும், ஸ்க்ரூ டிரைவரையும் சேர்த்து, இடியாப்பப் பாத்திரத்தில் போட்டு அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இவர் கண் கதவுப் பக்கம் போகாமல் இருக்க மாலையில் இவருடைய சட்டைக்கு இஸ்திரி, மெடல்களுக்குப் பாலிஷ். வந்ததும் பார்த்து மகிழ்ந்துபோனார். கதவைக் காலால்தான் சாத்தினார். ராத்திரி தாழ்ப்பாள் போடுவது எப்போதும் என் வேலை.

ஆக. 6, வியாழன். மதியம் 3

எழுத்து கோணல்.

மண்டபம் நிறைந்திருந்தது. பழைய சொல்தாக்கள், எங்கள் பள்ளிக்கூட டீச்சர்கள், எங்கள் தெரு. மூன்றாம் வரிசையில் அக்காவும் மருமகளும். முதல் பக்கம் இவர் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். செத்த மீன்கள் வந்தபோது ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்தார்.

பிறகு அந்த வரி. இவர் பிரெஞ்சில் சொன்னார். நான் சொல்லவில்லை.

மறுபடி சொன்னார், சத்தமாக. நான் சொல்லவில்லை. மைக்கில் என் மூச்சு மட்டும். பிரெஞ்சு தெரிந்த பெரியவர்கள் செருப்பைப் பார்த்தார்கள். டாக்டரம்மா என் மணிக்கட்டைப் பார்த்தாள். மூன்றாவது தரம் இவர் சொல்லவில்லை, பக்கத்தைத் திருப்பினார்.

மூன்றாம் பக்கத்தை முழுதாகச் சொன்னேன். சோதனை இல்லாத ஒப்பந்தம் வெறும் தாள். அதோடு என் சொந்த வரி ஒன்று: "எங்க வீட்டுச் சாவி நேத்திலேர்ந்து மும்தாஜ் அக்காகிட்ட இருக்கு." தமிழ் தெரியாத இரண்டு பேரும் எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினார்கள்.

வீடு. ஒரு மணி. உள்ளே வந்ததும் வாயில் ஓர் அறை. உதடு கிழிந்தது. திரும்பித் தாழ்ப்பாளுக்குக் கை நீட்டினார். நான்கு ஓட்டை. கொஞ்ச நேரம் அந்த ஓட்டைகளையே விரலால் தடவினார். அப்புறம் பெல்ட். முதுகில் ஒன்று, இரண்டு. பழைய புண் பிளந்தது. மூன்றாவதுக்கு ஓங்கும்போது சாவி திரும்பியது.

அக்கா நடுவில் கையை நீட்டினாள். பக்கிள் அவள் முழங்கையில் விழுந்தது. ரத்தம். முந்தானையைச் சுற்றிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள்.

"லூயி தம்பி, நீதான காலைல சொன்ன, வந்து பாத்தாதான் ஒப்பந்தம்னு. பிலோ, முதுகக் காட்டு."

இவர் எதிரிலேயே திரும்பி நின்றேன். மருமகள் படம் எடுத்தாள். இவர் கையில் பெல்ட்டோடு நின்றார். இதை எழுதும்போதும் அக்காவும் மருமகளும் சோபாவில்தான். டீ கேட்டிருக்கிறார்கள், சர்க்கரை கம்மி.

ஆக. 7, வெள்ளி

காலை 6.10. மேகமூட்டம். சாவி திரும்பியது. அக்கா முழங்கைக் கட்டோடு வந்து, என் இரண்டு கையையும் புரட்டிப் பார்த்துவிட்டு, பேசாமல் போனாள். நான் கூப்பிடவில்லை.

9.30. இவர் கடைக்குப் போய் வந்தார். பையில் புதுத் தாழ்ப்பாள், முன்னதைவிடப் பெரியது, இரும்பு. பெல்ட் மேஜை மேல். டிராயர் ஒவ்வொன்றாக இழுத்துக் கொட்டுகிறார்.

"ஸ்க்ரூ டிரைவர் எங்கடி?"